மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆக மறுக்கிறதா? ஒத்துப்போகாத டிரைவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் டீட்டெய்ல்ஸ் என்று உள்ளே போய், மெமரி இன்டெக்ரிட்டி பொத்தானை நகர்த்துகிறீர்கள். அது ஆன் ஆகாமல், ஒத்துப்போகாத டிரைவர் இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லி நின்றுவிடுகிறது. டிரைவர் என்பது பிரின்டர் போன்ற ஒரு பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல். இந்தப் பக்கம் அந்த ஒரு சிக்கலுக்கு மட்டும். பொத்தான்களின் பெயர்கள் ஆங்கில விண்டோஸில் இருப்பதுபோலவே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கட்டளைகளைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேடயப் படத்தின் மேல் மஞ்சள் முக்கோணம் வந்திருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதா?

இல்லை. ஒரு பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த முக்கோணம் சொல்கிறது. அதற்குக் காரணமான டிரைவரும் பெரும்பாலும் கெட்டது அல்ல, பழையது, அவ்வளவுதான். ஆகவே பதற்றத்தில் எதையும் அழிக்க வேண்டாம். இந்தச் சிக்கலில் கணினியைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் அழித்தவர்கள்தான்.

மெமரி இன்டெக்ரிட்டி உண்மையில் என்ன செய்கிறது?

விண்டோஸின் மையப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். பிரின்டர், கிராஃபிக்ஸ் கார்டு, வைஃபை போன்றவற்றுக்கான டிரைவர்களில் பலவும் அந்தக் கர்னலுக்குள்ளேதான் ஓடுகின்றன. அங்கே நுழைந்துவிட்ட நிரலுக்குத் தடையே கிடையாது. ஆன்டிவைரஸையே அணைத்துவிட முடியும்.

கடையில் கணக்கு எழுதுகிறவர் கையில் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லை அல்லவா? மெமரி இன்டெக்ரிட்டியின் விதியும் அதுதான். கர்னல் நினைவகத்தின் ஒரு பக்கத்தில் எழுத முடியும் என்றால், அதே நேரத்தில் அதை நிரலாக இயக்க முடியாது. இயக்க முடியும் என்றால், எழுத முடியாது. எது இயக்கத்தக்க நிரல் என்று டிஜிட்டல் கையொப்பம் (யார் வெளியிட்டது என்பதற்கான முத்திரை) சரிபார்த்து முடிவுசெய்யும் வேலையும் கர்னலிடம் இல்லை. ஒரே கணினியைத் தனித்தனிக் கணினிகள்போலப் பிரிக்க உதவும் புராசஸரின் வர்ச்சுவலைசேஷன் வசதியைக் கொண்டு, கர்னலுக்கும் கீழே ஓடும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒரு தனி அறையைப் பிரித்து வைத்திருக்கிறது. சரிபார்ப்பு அங்கே நடக்கிறது. கர்னலே திருடன் கையில் போனாலும் அந்த அறைக்குள் அவனால் கை வைக்க முடியாது.

இதன் தொழில்நுட்பப் பெயர் எச்விசிஐ, அதாவது ஹைப்பர்வைசர் என்ஃபோர்ஸ்டு கோட் இன்டெக்ரிட்டி. நிறுவனங்களுக்கான விண்டோஸ் 10-இல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2018 ஏப்ரலில் வந்த 1803 பதிப்பில் எல்லோருடைய செட்டிங்ஸிலும் பொத்தானாக வந்தது. விண்டோஸ் 11-ஐத் தகுதியுள்ள புதுக் கணினியில் புதிதாக நிறுவினால் தானாகவே ஆன் ஆகிவிடும்.

அப்படியென்றால் என் டிரைவர் ஏன் ஒத்துப்போகவில்லை? இத்தனை வருடம் நன்றாகத்தானே ஓடியது?

ஓடியது. அன்றைக்கு இந்த விதி இல்லை. விண்டோஸ் 8 வருவதற்கு முன் எழுதப்பட்ட பல டிரைவர்கள், எழுதவும் இயக்கவும் ஒருசேர இடம்தரும் நினைவகத்தைத்தான் கேட்டு வாங்கின. அப்போது அது வழக்கம். இயக்க முடியாத நினைவகம் கேட்கும் முறையை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 8-இல்தான் தந்தது. இன்னும் சில டிரைவர்களின் கோப்பிலேயே ஒரு பகுதி, எழுதத்தக்கது, இயக்கத்தக்கது என்று இரண்டு முத்திரையோடும் இருக்கும். சிலவற்றின் பகுதிகள் 4096 பைட் கொண்ட பக்க எல்லையில் சரியாக உட்காராமல் இருக்கும். பாதுகாப்பு பக்கம் பக்கமாகத்தான் போடப்படுகிறது என்பதால் அதுவும் ஒத்துவராது.

இதையெல்லாம் நீங்கள் சரிசெய்ய முடியாது. டிரைவரை எழுதியவர்கள்தான் திருத்தி, புதிதாகக் கையொப்பமிட்டு வெளியிட வேண்டும். உங்கள் முன் இருக்கும் வழிகள் மூன்று: புதிய பதிப்பு, நீக்கம், அல்லது அப்படியே விட்டுவிடுவது. எது என்று முடிவுசெய்ய, அந்த டிரைவர் யாருடையது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியலில் ஏதோ புரியாத பெயர்தான் வருகிறது.

இந்த வேலையில் பாதி இதுதான். மெமரி இன்டெக்ரிட்டிக்குக் கீழே 'ரிவ்யூ இன்கம்பேட்டிபிள் டிரைவர்ஸ்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் '.சிஸ்' என்று முடியும் கோப்புப் பெயர் ஒன்று தெரியும். அதன்மேல் சொடுக்கினால் நிறுவனத்தின் பெயர், பதிப்பு, தேதி, பப்ளிஷ்டு நேம் ஆகியவை விரியும். பப்ளிஷ்டு நேம் என்பது 'ஓஇஎம்' என்ற மூன்றெழுத்து, ஓர் எண், '.ஐஎன்எஃப்' என்ற வடிவில் இருக்கும். இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஓஇஎம்12-ஐ அழித்தேன், சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், நீங்களும் ஓஇஎம்12-ஐ அழிக்கப் போகாதீர்கள். அந்த எண் டிரைவரின் பெயர் அல்ல. உங்கள் கணினியில் எத்தனையாவதாக வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து விண்டோஸ் கொடுக்கும் டோக்கன் நம்பர். அவர் கணினியில் 12 பழைய வெப்கேமராவாக இருக்கலாம்; உங்கள் கணினியில் அதுவே டச்பேடாக இருக்கலாம்.

நிறுவனத்தின் பெயர் தெரிந்தாலே பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இணைக்கப்படாத, என்றோ ஒருநாள் செருகிய பொருள்களெல்லாம் மங்கலாகத் தெரியும். விண்டோஸ் 11-இல் அதே மெனுவில் 'டிவைசஸ் பை டிரைவர்' என்றும் ஒரு வரிசைமுறை உண்டு. அதில் ஓஇஎம் எண்ணைத் தேடிப் பிடித்தால் அதன் கீழே எந்தப் பொருள் என்று நேரடியாகக் காட்டிவிடும்.

என் மேசைக் கணினியில் இப்படித் துருவியபோது அகப்பட்டது ஒரு பழைய ஸ்கேனரின் டிரைவர். ஸ்கேனரைக் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குடித்தனக்காரர் காலி செய்து போன பிறகும் அவர் மாட்டிய பூட்டு கதவில் தொங்கிக்கொண்டிருந்த கதை.

பொதுவாக எந்தப் பொருள்களின் டிரைவர்கள் இப்படிச் சிக்குகின்றன?

மிகவும் பெயர்பெற்றது வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளி ஹார்டு டிஸ்குகளோடு வரும் எஸ்இஎஸ் டிரைவரின் பழைய பதிப்பு. கோப்புப் பெயர் 'டபிள்யூடிசிசாம்' என்று தொடங்கும். நிறையப் பேர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான்: டிரைவரை நீக்கினால் டிஸ்கில் உள்ள கல்யாண போட்டோவெல்லாம் போய்விடுமோ என்று. போகாது. கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படுவது விண்டோஸின் சொந்த டிரைவர். எஸ்இஎஸ் என்பது டிஸ்கை மூடியிருக்கும் பெட்டியோடு பேசுவதற்கானது.

மற்றபடி பழைய யூஎஸ்பி-சீரியல் கேபிள்கள், நெட் டாங்கிள்கள், பழைய மொபைல் பிசி சூட்கள், விளையாட்டு மவுஸ்-கீபோர்டு மென்பொருள்கள், மதர்போர்டோடு வரும் ஃபேன் வேகம், விளக்கு நிறம் மாற்றும் செயலிகள், மென்பொருள் உரிமத்துக்கான டோங்கிள்கள் என்று இந்தக் கூட்டம்தான்.

சரி, கண்டுபிடித்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற வழியில் போனால் டிரைவர் அப்டேட்ஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். வழக்கமான அப்டேட்டில் வராதது பல நேரம் இங்கே காத்திருக்கும். இல்லாவிட்டால் பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். லேப்டாப் என்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளம்.

'உங்கள் டிரைவர்களையெல்லாம் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். பாதுகாப்பு வசதியை ஆன் செய்யக் கிளம்பி, முகம் தெரியாதவர் கையில் கர்னல் சாவியைக் கொடுப்பதாக அது முடியும்.

புதிய பதிப்பு இல்லை. பொருளும் இப்போது என்னிடம் இல்லை. எப்படி நீக்குவது?

முதலில் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் (தவறிப்போனால் கணினியை இப்போதைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) உருவாக்குங்கள். சில கணினிகளில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே இருக்கும், அதை ஆன் செய்துவிட்டுத்தான் உருவாக்க முடியும்.

அடுத்து, அந்தப் பொருளுக்கென்று நிறுவிய செயலி இன்னும் இருந்தால் அதை இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலிலிருந்து நீக்குங்கள். செயலியை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் நீக்கினால், அடுத்த ரீஸ்டார்ட்டில் செயலி அதை மீண்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடக்கூடும்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்த மங்கலான பொருள்மேல் வலது சொடுக்கி, அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள். வரும் சிறு பெட்டியில் டிரைவரையும் சேர்த்து நீக்கும்படி கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்யாமல் விட்டால் பொருளின் பெயர்தான் போகும், டிரைவர் போகாது. பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

டிவைஸ் மேனேஜரில் எவ்வளவு தேடியும் இல்லை. ஆனால் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

அப்போது பிஎன்பியூட்டில் என்ற விண்டோஸின் சொந்தக் கருவி. பி, என், பி, யூ, டி, ஐ, எல் என்ற ஏழு எழுத்து. கமாண்ட் பிராம்ப்ட்டை வலது சொடுக்கி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்துகொள்ளுங்கள்.

'பிஎன்பியூட்டில் /இனம்-டிரைவர்ஸ்' என்று கொடுத்தால், வெளியிலிருந்து வந்த எல்லா டிரைவர்களின் பட்டியலும் வரும். இனம் என்பது இ, என், யூ, எம். நீங்கள் எழுதிவைத்த ஓஇஎம் எண், நிறுவனம், பதிப்பு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். மூன்றும் பொருந்தினால்தான் அடுத்த படி. அதே டிரைவர் இரண்டு மூன்று பதிப்புகளாக வெவ்வேறு எண்ணில் இருப்பதும் உண்டு.

அழிப்பதற்கு முன் 'பிஎன்பியூட்டில் /எக்ஸ்போர்ட்-டிரைவர்' என்ற கட்டளையோடு, எண்ணையும் ஒரு ஃபோல்டரின் பெயரையும் கொடுத்து நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாம். தவறிப்போனால் திரும்ப நிறுவ உதவும். பிறகு, எண் 12 என்று வைத்துக்கொண்டால், 'பிஎன்பியூட்டில் /டெலீட்-டிரைவர் ஓஇஎம்12.ஐஎன்எஃப் /அன்இன்ஸ்டால்'. முடிந்ததும் ரீஸ்டார்ட். இதற்கும் அசையவில்லை என்றால் கடைசியில் '/ஃபோர்ஸ்' சேர்க்கலாம். ஆனால் அந்த டிரைவரை ஏதோ ஒரு பொருள் இப்போதும் பயன்படுத்துகிறது என்பதால்தான் அது மறுக்கிறதோ என்று ஒருமுறை யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டம்32-க்குள் போய் அந்த '.சிஸ்' கோப்பையே பெயர் மாற்றிவிட்டால் போதும் என்று நண்பர் சொல்கிறார்.

சில நேரம் வேலை செய்யும். இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரைவர்களின் மூலப் பிரதி டிரைவர்ஸ்டோர் என்ற தனிக் கிடங்கில் இருக்கிறது. டிரைவர்ஸ் ஃபோல்டரில் உள்ளதை மட்டும் எடுத்தால், பொருளை அடுத்த முறை செருகும்போது கிடங்கிலிருந்து மறுபடி வந்துவிடும். அதைவிட மோசம், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவர் இன்னும் பதிவாகியிருக்கும்; கணினி கிளம்பும்போது அதைத் தேடும். அது கணினி கிளம்புவதற்கே தேவையான டிரைவராக இருந்துவிட்டால், நீலத் திரைதான்.

பப்ளிஷ்டு நேம் இடத்தில் ஒன்றுமே இல்லை. ஓஇஎம் எண்ணே கிடையாது.

அது ஐஎன்எஃப் என்ற நிறுவல் குறிப்புக் கோப்பு வழியாக வராமல், ஒரு செயலி தானே நேராகக் கொண்டுவந்து பதித்த டிரைவராக இருக்கும். பிஎன்பியூட்டிலுக்கு அது தெரியாது. செயலியை அன்இன்ஸ்டால் செய்வதே முதல் வழி. செயலி போய் டிரைவர் மட்டும் தங்கிவிட்டது என்றால், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிரைவர்ஸ் பகுதியில் தேடுங்கள். கிடைத்ததும் அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து, இரண்டு நாள் கணினியைப் பயன்படுத்திப் பாருங்கள். எதுவும் குழம்பவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம்.

அந்தப் பொருள் எனக்குத் தினமும் வேண்டும். புதிய டிரைவரும் வரவில்லை. என்ன செய்ய?

இதுதான் கடினமான கேள்வி. முதலில், நிறுவனத்தின் டிரைவர் இல்லாமல் விண்டோஸின் பொது டிரைவரிலேயே அந்தப் பொருள் ஓடுமா என்று பாருங்கள். பல பிரின்டர்களும் மவுஸ்-கீபோர்டுகளும் ஓடிவிடும். மேலதிக வசதிகள்தான் போகும். யூஎஸ்பி-சீரியல் கேபிள் என்றால், கேபிளின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரித்தவரின் தளத்தில் தேடுங்கள். அங்கே புதிய டிரைவர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அதுவும் இல்லை, பொருளும் விலை உயர்ந்தது என்றால், ஒரு லேத் பட்டறையின் கட்டுப்பாட்டுக் கருவி, லேபில் உள்ள பழைய இயந்திரம் போன்றவற்றை ஒரு பழைய கணினியில் மாட்டி, இன்டர்நெட் இணைப்பு கொடுக்காமல் தனியே வைத்துவிடுவது நல்லது. வங்கி வேலை, மெயில், வரிக்கணக்கு எல்லாம் இன்னொரு கணினியில்.

ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் பட்டியலில் வந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அதைத் தொடாதீர்கள்.

பேசாமல் ஆஃப் செய்தே வைத்துவிட்டால்? உண்மையில் எவ்வளவு ஆபத்து?

ஆஃப் செய்தால் கணினி திறந்த வீடாகிவிடாது. ஆன்டிவைரஸ், ஃபயர்வால், ஸ்மார்ட்ஸ்கிரீன் எல்லாம் தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். போவது கடைசி மதில்.

அந்த மதில் எதற்கு என்பதற்கு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ராபின்ஹுட் ரான்சம்வேரின் 2020-இல் வெளிச்சத்துக்கு வந்த தாக்குதல் நல்ல உதாரணம். அதை ஏவியவர்கள், ஜிகாபைட் நிறுவனத்தின் ஜிடிஆர்வி என்ற பழைய டிரைவரைக் கையோடு கொண்டுவந்தார்கள். கையொப்பமுள்ள டிரைவர் என்பதால் விண்டோஸ் உள்ளே விட்டது. அதில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலையையே கர்னலில் நிறுத்திவிட்டு, கையொப்பமில்லாத தங்கள் சொந்த டிரைவரை ஏற்றினார்கள். அது ஆன்டிவைரஸைக் கொன்றது. அதன்பின் கோப்புகள் பூட்டப்பட்டன. சரிபார்ப்பு கர்னலில் நடக்காமல் அந்தத் தனி அறையில் நடந்திருந்தால், இரண்டாவது டிரைவர் ஏறியிருக்காது.

நீங்கள் வைத்திருக்கும் பழைய டிரைவரை யாரும் தாக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் கவனியுங்கள். தாக்குகிறவன் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே கொண்டுவருகிறான். உங்கள் பழைய ஸ்கேனர் செய்யும் தீங்கு, அவன் வரும் வழியில் கதவைச் சாத்தவிடாமல் நடுவில் நிற்பதுதான்.

ஓட்டையுள்ள டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்றையும் மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 2022 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே ஆன். கோர் ஐசொலேஷன் பக்கத்திலேயே அதற்கும் பொத்தான் உண்டு. மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்தே தீர வேண்டியவர்கள் இதையாவது ஆன் நிலையில் வைத்திருங்கள்.

ஆன் செய்தால் கணினி மெதுவாகுமா?

புராசஸரைப் பொறுத்தது. இன்டெலில் ஏழாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டியில் ஜென் 2-இலிருந்தும் இந்த வேலைக்கென்றே வன்பொருள் வசதி இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் மென்பொருளாலேயே ஈடுகட்ட வேண்டும், சுணக்கம் தெரியும். விளையாட்டுக்காரர்கள் வேகம் வேண்டுமானால் விளையாடும்போது அணைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்துகொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே 2022-இல் சொன்னது. பிறகு ஆன் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. ஹைப்பர்வைசர் இடத்தை விண்டோஸ் பிடித்துக்கொள்வதால், விர்ச்சுவல்பாக்ஸின் கீழ்ப்பட்டையில் ஒரு பச்சை ஆமை வந்து உட்காரும். படம் சொல்வதுதான் பொருள்.

பட்டியலில் டிரைவரே இல்லை. ஆனாலும் ரீஸ்டார்ட் செய்தால் ஆஃப் ஆகிவிடுகிறது.

விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸின் அமைப்புகளில் வர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருக்கும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பயன்படுத்துகிறவர்கள் பயாஸைத் தொடுவதற்கு முன் ரெகவரி கீயைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது சரியாக இருந்தால், ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கோட்இன்டெக்ரிட்டி, ஆப்பரேஷனல் என்ற பதிவேட்டைத் திறந்து 3087 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். பட்டியலில் வராத டிரைவர் அங்கே அகப்படும்.

'அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்' என்று பொத்தான் மங்கலாக இருக்கிறது.

அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவில் கேளுங்கள், நீங்களாக ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டாம்.

ஆன் செய்தேன். ஒரு பொருள் வேலை செய்யவில்லை, 'டிரைவரை ஏற்ற முடியவில்லை' என்று செய்தி வருகிறது.

ஆன் செய்த நேரத்தில் தென்படாத டிரைவர், பொருளைச் செருகும்போது தடுக்கப்படுகிறது. செய்தியில் அந்தக் கோப்பின் பெயர் இருக்கும். மேலே சொன்ன வரிசைதான்: யாருடையது, புதியது உண்டா, வேண்டுமா வேண்டாமா.

கணினியே கிளம்பவில்லை!

கிளம்பும்போது இரண்டு மூன்று முறை பவர் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் ரெகவரி திரை வரும். முதலில் சிஸ்டம் ரெஸ்டோர். ரெஸ்டோர் பாயின்ட் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அது இல்லையென்றால் பயாஸில் வர்ச்சுவலைசேஷனை அணைத்துப் பாருங்கள். ஹைப்பர்வைசர் கிளம்ப வழியில்லாததால் மெமரி இன்டெக்ரிட்டியும் இயங்காது, பல கணினிகள் இதிலேயே எழுந்துவிடும். எழுந்ததும் பொத்தானை ஆஃப் செய்துவிட்டு, பயாஸைப் பழையபடி வைத்துவிடுங்கள். ரெகவரி திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து ரெஜிஸ்ட்ரியை மாற்றும் வழியும் உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாம் முடிந்தது. உண்மையிலேயே ஓடுகிறது என்று எப்படி உறுதிசெய்வது?

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். சிஸ்டம் சம்மரியின் அடிப்பகுதியில் வர்ச்சுவலைசேஷன் பேஸ்டு செக்யூரிட்டி என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அவற்றில் 'சர்வீசஸ் ரன்னிங்' என்று முடியும் வரிக்கு எதிரே 'ஹைப்பர்வைசர் என்ஃபோர்ஸ்டு கோட் இன்டெக்ரிட்டி' என்று இருந்தால் ஓடுகிறது. அதற்கு மேலே 'கான்ஃபிகர்டு' என்ற வரியில் மட்டும் இருந்தால், கேட்டிருக்கிறீர்கள், இன்னும் ஓடவில்லை. ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, பிரின்டரில் ஒரு பக்கம் அடித்து, ஸ்கேனர், ஹெட்போன், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.